பச்சையம்மா டீயில் நிக்கோட்டின்

அத்தியாயம் 3

"மேடம், இந்தக் கேஸுல ஒண்ணு மட்டும் கன்ஃபார்ம். விஷம் வெச்சது நான் இல்ல" என்றார் ஜெயவேல், ஆட்டோவைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஓரங்கட்டியபடி. பேசும்போது வாயிலிருந்த பீடி ஆடியதே தவிர விழவில்லை.

"எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றாள் பின்சீட்டிலிருந்த ஷெர்லின்.

"பீடித்தூளைப் போய் டீயில கொட்டுவனா? எம்மாம் வேஸ்ட்டு!"

ஷெர்லின் சிரிக்கவில்லை. ராயபுரத்தில் அவள் நடத்தும் துப்பறியும் நிறுவனத்துக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, சொல்கிற வேலையில்தான் இருக்கிறானா. நாகர்கோவிலிலிருந்து வந்து பாத்திரக்கடை போட்ட அவள் அப்பா, மகள் என்றைக்காவது திருந்திக் கல்லாவில் வந்து உட்காருவாள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவளுக்குக் கொலை முயற்சி வழக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. கொடுத்தவள் செங்கொடி, நர்ஸிங் படிக்கிற பெண். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பச்சையம்மாவின் ஒரே மகள்.

இன்ஸ்பெக்டர் சங்கரநாராயணன் அவர்களைப் பார்த்ததும் கொட்டாவி விட்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

"சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் லோடு ஆட்கள் சங்கத் தலைவர் பக்தவச்சலம். புகையிலைன்னா அவருக்கு ஆகவே ஆகாது. யார் வாயில பீடி இருந்தாலும் பிடுங்கி எறிவாரு. இந்தம்மா டீக்கடையில பீடி விக்கக் கூடாதுன்னு மறியல் பண்ணி நிறுத்துனவரும் அவர்தான். ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். வெளியில, நல்ல வெயில்ல. இந்தம்மா கடை டீ. குடிச்சாரு, பேசினாரு, மேடையை விட்டு இறங்கினாரு, வாந்தி எடுத்தாரு. நெஞ்சு படபடப்பு, வேர்வை, கைநடுக்கம். டாக்டர் ரத்தத்தைச் சோதிச்சா நிக்கோட்டின் எக்கச்சக்கம். பீடியே தொடாத மனுஷன் ஒடம்புல! காரணம் இருக்கு, விக்காம தேங்குன பீடி இருந்திருக்கும், டீ இருக்கு. இன்னும் என்னம்மா வேணும்?"

"அதே டீயைத்தானே எல்லாரும் குடிச்சாங்க?"

"அவர் கிளாஸ்ல மட்டும் கலந்திருப்பாங்க. தலைவருக்குத் தனி கிளாஸ். அவர் வாக்குமூலமே குடுத்துட்டாரு. சாயந்திரம் இந்தம்மாவைக் கோர்ட்டுல நிறுத்தணும். அதுக்குள்ள ஏதாவது கொண்டாந்தா பாக்கறேன்."

பச்சையம்மா தலையை நிமிர்த்தினாள். அவள் கடை பாய்லரை லோடு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையே உடைத்துவிட்டார்கள். அதைவிட அவளைச் சுட்டது, உடைத்தவர்களில் பாதிப்பேர் அன்று காலையில் அவளிடம் கடன் சொல்லி பன் தின்றவர்கள் என்பது.

"யம்மா, அந்தாளு மூக்கு இன்னா மூக்குன்னு உனக்குத் தெரியாது. அந்தாண்ட லாரிக்குப் பின்னால ஒருத்தன் பீடி பத்த வெச்சா இந்தாண்டயிருந்து ஓடியாருவான். அவன் கிளாஸ்ல நான் பீடித்தூளப் போட்டா மோந்து பாக்காம குடிச்சிருவானா?"

ஷெர்லின் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

பச்சையம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்றேன், இன்ஸ்பெக்டராண்ட சொல்லாத. மறியலுக்கு அப்பாலயும் நான் பன்னு டின்னுக்கு அடியில பீடி வெச்சிகினுதான் கீறேன். ஆனா கொஞ்ச நாளா ஒருத்தனும் கேக்கறதில்ல. என் கடை ஆரம்பிச்ச நாள்லயிருந்து குடிக்கிற கெழங்ககூட கேக்கறதில்ல. கட்டு கட்டா அப்டியே கெடக்குது."

"விட்டுட்டாங்களா? கோபம், எரிச்சல் எதுவும் இல்லாம?"

"குஷியா கீறாங்கம்மா."

வெளியே வந்ததும் ஷெர்லின் கேட்டாள். "அண்ணே, நீங்க பீடியை எத்தனை தடவை விட்டிருக்கீங்க?"

"பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா, தெரியாமலா?"

"விட்ட முதல் வாரம் எப்படி இருக்கும்?"

"அத்த ஏன் கேக்கறீங்க. தூக்கம் வராது. தலை கிண்ணுனு வலிக்கும். பசிச்சிகினே இருக்கும். கொழந்த சிரிச்சாகூட எட்டி ஒதைக்கலாம்னு தோணும்."

"ஒரு மார்க்கெட்டே சேர்ந்து பீடியை விட்டிருக்கு, குஷியா இருக்காங்களாம். வண்டியை சாத்தாங்காட்டுக்கு விடுங்க."

"விஷத்தைத் தேடுவீங்கன்னு பாத்தா பீடியைத் தேடறீங்க. கலிகாலம்" என்று கிக்கரை உதைத்தார் ஜெயவேல்.

மார்க்கெட்டில் உச்சிவெயில் கம்பிக்கட்டுகளின்மேல் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. லோடு ஆட்கள் ஒரு டிரெய்லரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயவேல் வேண்டுமென்றே அவர்கள் நடுவில் நின்று புதிதாக ஒரு பீடியைப் பற்றவைத்தார். சாதாரணமாக அங்கே ஒரு தீக்குச்சி உரசினால் நாலு கை நீளும். "ஒரு இழுப்பு குடு மாமு" என்று குறைந்தது இரண்டு குரல் வரும். இன்றைக்கு ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்து, சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எல்லாம் தலைவர் பேச்சு" என்றான் பகலவன். லோடு ஆட்களில் ஒரு குழுவுக்கு மேஸ்திரி அவன். தோள் ஒரு பக்கம் காய்ப்பேறி மேடாக இருந்தது. "அவரு பேசினாருன்னா கல்லும் கரையும். இன்னா, நீட்டமா பேசுவாரு. அத்தோட ஒரு ஸ்கீமும் வெச்சாரு. பீடிக்கட்டைக் கொண்டாந்து மேடையில கடாசு, பதிலுக்கு ஃபாரின் பிளாஸ்திரி வாங்கிக்கினு போ."

"ஃபாரின் பிளாஸ்திரியா?"

"வலிக்குப் போடறது. ராயபுரத்துல டென்னிஸ்னு ஒரு ஆளு, கப்பல் ஆளுங்க வுட்டுட்டுப் போற சோப்பு, தைலம், போர்வை எல்லாம் வாங்கி விப்பான். ஒரு கப்பல்லயிருந்து சாக்கு நெறையா பிளாஸ்திரி வந்துது. மொத்தமா சங்கத்துக்குக் குடுத்துட்டான். நம்ப வேலைக்கு அது இல்லாம ஆவுமா? காத்தால மொத லோடுக்கு முன்னாடி, இவன் முதுவுல அவன் ஒட்டுவான், அவன் முதுவுல இவன் ஒட்டுவான். சொந்தக் கை எட்டாதுல்ல."

"வலி போகுதா?" என்றாள் ஷெர்லின்.

பகலவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. "வலி அப்டியேதான் கீதுக்கா. ஆனா மனசு ஒரு மாதிரி நிம்மதியா கீது. ஃபாரின்ல வலிய வேற மாதிரி பாக்கறாங்க போல."

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தலைவர் என்ன சாப்பிட்டார்?"

"டீதான். பொன்னாடை போட வந்தோம், வாணாம்னுட்டாரு. 'ஒரு நாள் போத்தி மறுநாள் பரண்ல போடற துணி எதுக்கு? எனக்கு முதுகுவலி, அதுக்கு ஏதாச்சும் பண்ணுங்கடா'ன்னாரு. செம கிளாப்ஸு. பொன்னாடைக்குப் பதிலா ஒவ்வொரு மேஸ்திரியும் மேடையில ஏறி..." பகலவன் அதற்குள் ஜெயவேல் பக்கம் திரும்பிவிட்டான். ஜெயவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர் இடுப்பு எப்போதும் முனகத்தான் செய்யும், கேட்க ஆள் இருந்தால் சத்தமாக முனகும். "இன்னா நைனா, இடுப்பா? திரும்பு." உறையைக் கிழித்து, சட்டையைத் தூக்கி, பொட்டென்று ஒன்றை ஒட்டி, தட்டியும் கொடுத்தான். சாத்தாங்காட்டில் விருந்தாளிக்கு அதுதான் உபசாரம்.

அங்கே மேலும் நாலு பேரிடம் விசாரித்து, டென்னிஸைத் தேடி ராயபுரம் போய், அவன் எண்ணூர்ப் பக்கம் ஏதோ சாமான் எடுக்கப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அங்கேயும் அவனைக் காணாமல், மணலியில் ரயில்வே கேட்டில் மாட்டி, தலைவர் படுத்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பச்சையம்மாவை இந்நேரம் வேனில் ஏற்றியிருந்தால் செங்கொடியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே படியேறினாள் ஷெர்லின்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததாம்.

வார்டு வாசலில் நின்ற நர்ஸ் ஷிஜி அழாத குறை. "மூணாவது தடவை மேடம்! ஞாயித்துக்கிழமை வந்தாரு, திங்கள் காலையில கொஞ்சம் தெளிஞ்சாரு, சாயந்திரம் மறுபடியும் வாந்தி. இன்னைக்கும் காலையில நல்லா இருந்தாரு, இப்போ மறுபடியும். எங்க கஞ்சி தவிர எதுவும் குடுக்கல. டாக்டருக்கே புரியல. இதுக்குள்ள நிக்கோட்டின் ஒடம்பை விட்டு இறங்கியிருக்கணும்ங்கிறாரு."

"அது மெதுவா வேலை செய்யற விஷம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாக்க வர்றவங்க ஏதாவது கொண்டு வந்தாங்களா?"

"ஹார்லிக்ஸைக்கூட நான் உள்ள விடல. லோடு ஆளுங்கதான் கூட்டம் கூட்டமா வர்றாங்க. கையில ஒண்ணும் இருக்காது. முதுகைத் தட்டிக் குடுத்துட்டுப் போவாங்க. பாவம், பாசக்காரங்க."

ஷெர்லின் நடைபாதையில் உட்கார்ந்தாள். வாய் வழியாக எதுவும் போகவில்லை, விஷம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஜெயவேல் காலை நீட்டி, கண்ணை மூடி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மிக நிம்மதியான காட்சி. அந்த நிம்மதிதான் அவளை உறுத்தியது. இந்த மனிதருடன் இத்தனை வருடம் சுற்றியிருக்கிறாள். ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் "தோ வரேன் மேடம்" என்று வெளியே ஓடுவார். ரயில்வே கேட்டில் மாட்டியபோதுகூட வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாரே?

"அண்ணே, மார்க்கெட்டுக்கு அப்புறம் நீங்க பீடியே பிடிக்கல."

ஜெயவேல் கண்ணைத் திறந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பீடிக்கட்டு இருந்தது, தீப்பெட்டியும் இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. "மேடம், எனக்கு ஒடம்புக்கு இன்னாமோ ஆயிடுச்சு."

"சட்டையைத் தூக்குங்க."

"மேடம், ஆஸ்பத்திரில..."

"தூக்குங்கண்ணே!"

பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்தாள். அதில் இருந்த எழுத்து எந்த நாட்டுடையது என்றே தெரியவில்லை. போனை அதன்மேல் பிடித்தாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னது: புகைப்பதை நிறுத்த விரும்புவோருக்கான நிக்கோட்டின் ஒட்டு. நாளொன்றுக்கு ஒன்று மட்டும். புகைக்காதவர் பயன்படுத்தக் கூடாது.

வார்டுக்குள் பக்தவச்சலம் சாம்பல் பூத்த முகத்தோடு படுத்திருந்தார். பக்கத்தில் பகலவனும் இன்னொரு மேஸ்திரியும் நின்றார்கள். பகலவன் கை, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுக்கப் போய்ப் பாதியில் நின்றது.

"அவரைத் திருப்புங்க" என்றாள் ஷெர்லின்.

திருப்பினார்கள். முதுகு முழுக்கப் பிளாஸ்திரி. தேர்தல் சமயத்துச் சுவரில்கூட இவ்வளவு நெருக்கமாக ஒட்ட மாட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகவும் இரண்டு இருந்தன.

"வலிக்குப் போட்டதுன்னு நினைச்சேன்" என்றாள் ஷிஜி. "சாத்தாங்காட்டுலேர்ந்து வர்ற எல்லார் முதுகுலயும் இருக்கும். எடுத்தா சண்டைக்கு வருவாங்க." சொல்லிக்கொண்டே அவள் கைகள் ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்துவிட்டன.

"பொன்னாடை!" என்றார் ஜெயவேல். "தலைவரை மரியாதை பண்ணியே சாவடிக்கப் பாத்துருக்காங்க!"

ஷெர்லின் இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துச் சொன்னாள். "இதுல இருக்கிற நிக்கோட்டின் தோல் வழியா ரத்தத்துல இறங்கும். பீடியை விடறவங்களுக்கு டாக்டர் குடுக்கிற மருந்துதான். கேன்சரைக் கொண்டு வர்றது புகையில இருக்கிற தாரும் மத்த நஞ்சும். ஆனா ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கிறது நிக்கோட்டின். அதைக் கொஞ்சங்கொஞ்சமா வேற வழியில குடுத்தா, ஒடம்பு பீடியைக் கேக்காம சும்மா கிடக்கும். இவங்களுக்கு நடந்தது அதுதான். பழகாத ஒடம்புக்கு ஒண்ணே அதிகம். தலைவர் ஒடம்புல இத்தனை ஒட்டி, வெயில்ல வேற நிக்க வெச்சாங்க. சூட்டுல இன்னும் வேகமா இறங்கும். இங்க வந்தப்புறமும் பாசக்காரங்க தினமும் வந்து புதுசு ஒட்டிட்டுப் போயிருக்காங்க."

"அய்யோ" என்றான் பகலவன். "நம்ப செட்டுல பீடி தொடாத பையன் ஒருத்தன் ஒட்டுன அன்னிக்கே வாந்தி எடுத்தான். ஃபாரின் சாமான் ஒத்துக்கலன்னு வுட்டுட்டோம்."

இத்துடன் வழக்கு முடிந்தது என்று ஷெர்லின் நினைத்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

பக்தவச்சலம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். மேடைத் தமிழ் தானாக வந்துவிட்டது. "இதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. விஷம் தேநீரில்தான் இருந்தது. வாக்குமூலத்தில் மாற்றம் எதுவும் கிடையாது."

"தலைவரே, கண்ணு முன்னாடி..."

"அம்மா, நீங்க படிச்சவங்க. என்னைச் சாய்ச்சது பிளாஸ்திரின்னு எழுதினா, இவங்களைப் பீடியை விட வெச்சதும் பிளாஸ்திரின்னு எழுதணும். என் பேச்சைக் கேட்டு ஒரு மார்க்கெட்டே திருந்திருச்சுன்னு எண்ணூர்லயிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஒவ்வொரு துறைமுகத்துலயும் பேசக் கூப்பிட்டிருக்காங்க. போஸ்டர் அடிச்சாச்சு."

"போஸ்டருக்காக ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போகணுமா?" என்று சீறினாள் ஷெர்லின்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பிளாஸ்திரி இருக்கட்டும்மா. டீயிலும் கலந்திருக்கலாமே. பாதிக்கப்பட்டவரே டீதான்னு நிக்கும்போது நான் எப்படி விடறது?"

ஷெர்லின் பகலவனிடம் திரும்பினாள். "சரி. மார்க்கெட்டுக்குப் போன் பண்ணி எல்லாரையும் பிளாஸ்திரியைப் பிச்சு எறியச் சொல்லுங்க. சாக்கை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க. பீடி விஷயத்தைத்தான் தலைவர் பேச்சே பாத்துக்குமே."

பகலவன் போனை எடுக்கவில்லை. தரையைப் பார்த்தான். "தலைவரே, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. அத்த எடுத்தா நாளைக்குக் காத்தாலயே பீடிதான். நானே போவேன்."

"அப்போ என் பேச்சு?"

ஜெயவேல்தான் வாயைத் திறந்தார், இந்த முறை கிண்டல் இல்லாமல். "நானும் எத்தினியோ தபா வுட்டேன் தலைவரே. ஒவ்வொரு தபாவும் உங்கள மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு அழுதுகினேதான் வுட்டேன். ஒரு வாரம் தாங்காது. பீடி ஞாபகமே வராம ஒரு மத்தியானம் போனது எனக்கு இன்னிக்குத்தான்."

பக்தவச்சலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி பேசியபோது மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"எங்கண்ணன் ஹார்பர்ல மூட்டை தூக்கினுருந்தான். தொண்டையில கேன்சரு. ஓட்டை போட்டு குழா சொருகி வெச்சிருந்தாங்க. பேச வராது. கையக் காட்டி, அந்த ஓட்டையில பீடிய வெய்யின்னு கேட்டான்யா. நான் அவன் பக்கத்துல குந்திகினு பேசினேன். ராவு பகலா பேசினேன். அவன் என்னைப் பாத்துகினே இருந்தான், கைய மட்டும் கீழ போடல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். "எழுது சார். டீயில ஒண்ணுமில்ல. விஷம் எம்முதுவுல, நானே குடுத்த பிளாஸ்திரி. இவனுங்க பீடிய வுட்டதும் அதால்தான், என் பேச்சால இல்ல. அத்தயும் எழுது. சாக்கை டாக்டராண்ட குடுத்து, எவனுக்கு எவ்ளோன்னு அவரையே பாத்துக் குடுக்கச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து அட்டையை நீட்டினார். பக்தவச்சலம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை. ஏதோ ஒரு கடைசி நம்பிக்கையோடு பகலவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"அத்தினி கூட்டம் போட்டேனேடா. ஒருத்தர்கூடவா நான் பேசினதக் கேக்கல?"

பகலவன் மறுபடியும் யோசித்தான்.

"கேட்டுச்சு தலைவரே. நாங்கள்லாம் பிளாஸ்திரிக்கு வரிசையில நின்னுகினு இருந்தோம். பச்சையம்மாதான் டீ ஊத்தறதக்கூட வுட்டுட்டு, பாய்லராண்ட நின்னு முழுசா கேட்டுச்சு. நடுவுல கண்ணத் தொடச்சிக்கிச்சு."

பக்தவச்சலம் குனிந்து கையெழுத்துப் போட்டார். கைநடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பெயர் கோணலாகத்தான் விழுந்தது.